நல்ல நேரத்தில் தொடங்கிய அப்டேட்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்காதீர்கள், எனக்கு அது வராது. ஆம்ப்ளிஃபயர், மைக், கீபோர்டு, எக்கோ மெஷின் என்று திருவண்ணாமலையில் இருந்த மெல்லிசைக் குழுக்களின் சாமான்களையெல்லாம் பழுது பார்த்தே என் காலம் போனது. இப்போது கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். கோபம் மட்டும் குறையவில்லை.

எண்பத்தொன்பதில் நான் ஐ.டி.ஐ. முடித்து இந்த வேலைக்கு வந்தபோது, கெட்டுப்போன பொருள் கெட்டுப்போன மாதிரி இருக்கும். புகை வரும். கருகிய நாற்றம் வரும். மூடியைக் கழற்றினால் எது போயிற்று என்று கண்ணுக்கே தெரியும். அப்புறம் பெட்டிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள், இந்த ஃபர்ம்வேர், வந்து சேர்ந்தது. பெட்டியில் ஒரு கீறல் இருக்காது, ஒரு பாகம் கருகியிருக்காது, ஆனால் பெட்டி செத்திருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டால், கொண்டு வந்தவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “தானா நின்னுபோச்சுங்க” என்பார்.

தானாக எதுவும் நிற்காது. யாரோ எதையோ செய்திருப்பார்கள். அது என்ன என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். இதை நான் பத்து விதமாகச் சொல்லலாம், நீங்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால் தேவாவின் பெட்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தேவா என்கிற தேவராஜ் எங்கள் ஊர் மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசித்தான். விவசாயக் குடும்பத்துப் பையன், பட்டப்படிப்பு முடித்தவன். கிடாரைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டாதவன். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் பெட்டியை இவனுக்கு மலிவாக விற்றுவிட்டுப் போனார். காலால் மிதித்து இயக்கும் டிஜிட்டல் பெட்டி அது. கிடாரை ஒரு பக்கம் செருக வேண்டும், மறுபக்கம் ஸ்பீக்கருக்குப் போகும். பெரிய பெரிய ஆம்ப்களின் சத்தத்தையெல்லாம் அதுவே உண்டாக்கித் தரும். எந்தப் பாட்டுக்கு எந்தச் சத்தம் என்று நாமே அமைத்து உள்ளே சேமித்துக்கொள்ளலாம். தேவா ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சத்தம் செய்து வைத்திருந்தான்.

நல்ல பெட்டிதான். ஒரு குறை. பாட்டு நடுவில் ஒரு சத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற மிதித்தால், ஒரு கணம் ஊமையாகிவிடும். வீட்டில் வாசிக்கும்போது தெரியாது. மேடையில், எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒரு பள்ளம் விழும். குழுவை நடத்திய பாண்டு மாஸ்டருக்கு அந்தப் பள்ளம் ஆகவே ஆகாது. அவர் அறுபதை நெருங்கியவர். கையசைவிலேயே குழுவை ஓட்டுவார், வாய் திறந்தால் திட்டுவார். கீபோர்டுக்காரனிடம், கீபோர்டிலேயே கிடார் சத்தம் இருக்கிறதே, கிடார் வரும் பிட்டையெல்லாம் நீ பழகி வை என்று சொல்லிவிட்டார். தேவாவிடமும் நேராகவே சொன்னார். அடி அண்ணாமலையில் ஆடி வெள்ளி கூழ்த் திருவிழாக் கச்சேரி வருகிறது, அன்றைக்கும் உன் பெட்டி ஊமையானால் அதோடு நீ வர வேண்டாம், கிடார் இல்லாமலே குழு நடக்கும் என்றார்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெட்டிக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருப்பது தேவாவுக்குத் தெரிந்தது. செங்கம் ரோட்டில் ரஃபீக் பாய் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்திருக்கிறான். சத்தம் மாறும்போது வரும் இடைவெளியைச் சரிசெய்துவிட்டோம், புதிதாகச் சில சத்தங்களும் சேர்த்திருக்கிறோம் என்று பெட்டி செய்தவர்கள் போட்டிருந்தார்கள். என்னிடம் ஓடி வந்தான். நான் சொன்னது ஒன்றே ஒன்று. இப்போதே போட்டுவிடு, இரண்டு நாள் வாசித்துப் பார், கச்சேரி நாளன்று மட்டும் அதைத் தொடாதே. சரிக்கா, சரிக்கா என்று போனான்.

கச்சேரி நாளன்று காலையில்தான் போட்டான்.

காரணம் மாஸ்டர். அவர் காலண்டரைப் பார்க்காமல் மைக் ஸ்டாண்டுக்குத் திருகாணி கூட வாங்க மாட்டார். பெட்டிக்குள்ளே புதிதாக ஒன்றை ஏற்றுவதென்றால் ஆடி வெள்ளியன்று காலை, ராகு காலத்துக்கு முன்னால்தான் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். அந்த வாரத்தின் மற்ற நாட்களெல்லாம் அவருக்கு ஒத்துவரவில்லை. தேவாவால் அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை. வேலை போகுமோ என்று பயந்து கிடப்பவன் எப்படிப் பேசுவான்?

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணி வாக்கில் இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். தேவா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். பெட்டிக்கு நெற்றி எங்கே என்று கேட்காதீர்கள், மாஸ்டர் கண்டுபிடித்திருந்தார். பவர் கொடுத்தேன். விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தது. திரை வெறுமையாக இருந்தது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசைவில்லை.

“என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலைக்கா. அப்டேட் ஓடிக்கிட்டே இருந்துச்சு. தானா நின்னுபோச்சு” என்றான் தேவா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்தான்.

மாஸ்டர் சொன்னார், “கரண்டு ஏறி இறங்கிருக்கும்மா. உள்ள எதுனா போயிருக்கும். தொறந்து பாரு.”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் சொன்னதை நான் நம்பியிருந்தால் என்ன செய்திருப்பேன்? மூடியைக் கழற்றியிருப்பேன். பவர் சப்ளையை அளந்திருப்பேன். ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்திருப்பேன். சாயங்காலம் வரை அளந்துகொண்டே இருந்திருப்பேன், எல்லா அளவும் சரியாகவே இருந்திருக்கும். கச்சேரி முடிந்திருக்கும். இவன் பிழைப்பும் முடிந்திருக்கும்.

வாடிக்கையாளர் பொய் சொல்வார். கெட்ட எண்ணத்தில் இல்லை, வெட்கத்தில் சொல்வார். அவரைக் குறுக்கு விசாரணை செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த இடத்தில் இருந்த வேறொருவரைக் கேளுங்கள். அப்டேட் போட்டது ரஃபீக் பாய் சென்டரில்தான், அதனால் நான் அவருக்கு போன் போட்டேன்.

அவர் சிரித்தார். “அதை ஏன் கேக்குறீங்க மேடம். நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. மணி பத்தரை ஆகப் போவுதுன்னு மாஸ்டர் கேபிளைப் பிடுங்கிட்டார். ஆரம்பிச்சாச்சு இல்ல, அது போதும், மிச்சத்தைப் பன்னெண்டுக்கு மேல போட்டுக்கலாம்னார். நான் வேணாம் வேணாம்னு கத்துனேன்.”

எனக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் தலை சூடானது. நம் ஊரில் இப்படிச் செய்யாதவர்கள் உண்டா? நல்ல நேரம் முடியப் போகிறது என்றால் பேருக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவோம், வேலையை அடுத்த மாதம் தொடங்குவோம். பயணத்துக்குப் பையை முதலில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்போம், ஆள் அப்புறம் கிளம்புவார். தொடக்கம் நல்ல நேரத்தில் விழுந்தால் போதும், மிச்சம் எப்போது நடந்தால் என்ன? செங்கல்லுக்கு அது ஒத்துவரும். இந்தப் பெட்டிக்கு வராது. அப்டேட் ஏறும்போது பெட்டி முதலில் தன்னுள்ளே இருக்கும் பழையதை அழிக்கும். பிறகு புதியதை எழுதும். நடுவில் பிடுங்கினால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தான் யார் என்பதே அதற்குத் தெரியாது.

கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். பக்குவம் எல்லாம் ஒன்றும் இல்லை, கத்தினால் அதற்குப் பதில் சொல்லவே அவர்களுக்கு அரைமணி போகும், அவ்வளவுதான். கோபத்தை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கும் ஓடிப் போகாது.

இன்னொன்றும் அந்த போனில் கிடைத்தது. உள்ளே எதுவும் எரியவில்லை. பெட்டி உயிரோடுதான் இருக்கிறது. இப்படி யாராவது நடுவில் பிடுங்குவார்கள் என்று பெட்டி செய்தவர்களுக்குத் தெரியும். அதனால் அழிக்கவே முடியாத ஒரு சின்னப் பகுதியை உள்ளே விட்டு வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட பட்டன்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பவர் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் விழிக்கும், புதிதாக ஏற்றச் சொல்லிக் கேட்கும். தேவாவிடம் கையேடு இருந்தது, கவரைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்துப் படித்தேன். எந்தப் பட்டன் என்று போட்டிருந்தது.

என் கடையில் இருந்த கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இல்லை. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் செங்கம் ரோட்டுக்குப் போனோம். ரஃபீக் பாய் ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கி வைத்திருந்தார். ஃபைல் அதிலேயே இருந்தது. கேபிளைச் செருகினேன். பட்டன்களை அமுக்கிப் பிடித்துப் பவர் கொடுத்தேன். திரையில் எழுத்து வந்தது. தேவா பெரிதாக மூச்சு விட்டான்.

“நிறுத்தும்மா” என்றார் மாஸ்டர். “மணி என்ன ஆவுது பாரு. ராகு காலம். பன்னெண்டு அடிக்கட்டும்.”

அப்போதெல்லாம் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும். தினமும் போகும், இரண்டு மணிநேரம் போகும். ரஃபீக் பாயின் யு.பி.எஸ். பேட்டரி தேய்ந்து போனது, கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்க மட்டுமே தாங்கும் என்று அவரே சொன்னார். பன்னிரண்டுக்குத் தொடங்கினால் நடுவில் நிற்கும். இரண்டு மணி வரை காத்திருந்தால், ஏதாவது தப்பானால் சரிசெய்ய நேரம் இருக்காது. சாமான் வண்டி மூன்று மணிக்குக் கிளம்புகிறது.

ராகு காலமாவது ஒன்றாவது என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? மாஸ்டர் எழுந்து போவார். போகும் வழியிலேயே கீபோர்டுக்காரனுக்கு போன் செய்வார். பெட்டி பிழைக்கும், தேவா பிழைக்க மாட்டான். நமக்கு முன்னால் இருப்பது பெட்டி மட்டும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அவர் கணக்குக்குள்ளே போய்த்தான் அவரிடம் பேச வேண்டும்.

“மாஸ்டர், காலைல எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?”

“பத்தேகாலுக்குள்ள ஆரம்பிச்சாச்சு. சுத்தமான நேரம்.”

“அப்போ இது புதுசு இல்லையே. நீங்க ஆரம்பிச்சு வச்சதோட மிச்சம்தானே இது? கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்தைப் பாப்பீங்களா, பந்தி முடியிற நேரத்தைப் பாப்பீங்களா?”

மாஸ்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ரஃபீக் பாய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் மாஸ்டர், “அது சரிதான். ஆனா நான் பொறுப்பு இல்ல” என்றார்.

நான் எழுந்து நாற்காலியைத் தேவாவிடம் தள்ளினேன். “பொட்டி உன்னுது. நீ அமுக்கு.”

“நீங்களே அமுக்குங்கக்கா.”

“நான் அமுக்க மாட்டேன். நீதான் இதை வச்சுக் குடும்பம் நடத்தப் போறவன்.”

அவன் மாஸ்டரைப் பார்த்தான்.  தேவா உட்கார்ந்து மவுஸை அமுக்கினான்.  எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் ஊர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. மாஸ்டரின் கை கேபிள் பக்கம் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். முடியும் வரை விடவே இல்லை. வயதில் மூத்தவர் கையைப் பிடித்து வைத்திருந்தது மரியாதை இல்லைதான். பரவாயில்லை. அந்தக் கோடு நின்றால் அது யோசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை கையை மடியில் வைத்துக்கொள்வது.

முடிந்தது. பெட்டி தானே அணைந்து தானே எழுந்தது. எல்லா விளக்கும் எரிந்தன. தேவா கிடாரைச் செருகித் தந்தியைத் தட்டினான்.

சத்தம் இல்லை.

ஸ்பீக்கரைப் பார்த்தோம், வயரைப் பார்த்தோம். சத்தம் இல்லை. மாஸ்டர் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கீபோர்டுக்காரனிடம் எந்தெந்தப் பாட்டு என்று சொல்ல ஆரம்பித்தது உள்ளே வரை கேட்டது. தேவா பெட்டியின் பவரை அணைத்துவிட்டுத் திரும்பவும் போட்டான். திரும்பவும் அப்டேட் போட்டுடலாமாக்கா என்று கேட்டான். 

அப்டேட் தப்பாகப் போயிருந்தால் இப்படி எல்லா விளக்கும் எரியாது. எல்லாம் எரிந்து சத்தம் மட்டும் இல்லை என்றால், பெரிய காரணத்தைத் தேடாதீர்கள், அற்பக் காரணத்தைத் தேடுங்கள். இந்தப் பெட்டியின் ஓரத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெடல் உண்டு. எது மேலே, எது கீழே என்பது அப்டேட்டுக்குப் பிறகு அதற்கு மறந்துபோகும். பெடல் முழுசாக மிதித்துக் கிடந்தாலும், சத்தம் சுத்தமாகக் குறைந்திருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தால் என்ன கெட்டுவிடும்? அதைச் செய்தவர்களில் ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆசை உண்டு.

பெடலை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை மிதித்துக் காட்டச் சொன்னேன். சத்தம் வந்தது. வாசலில் மாஸ்டர் பேச்சு நின்றது.

தேவா ஒரு சத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற மிதித்தான். பள்ளம் இல்லை. திரும்ப மிதித்தான். இல்லை. வேண்டுமென்றே வேகமாக மாற்றி மாற்றி மிதித்தான். ஒரு இடத்திலும் ஊமையாகவில்லை. புதிதாகச் சேர்த்திருந்த சத்தங்களில் ஒன்று டேப் ஓடி எதிரொலி தரும் பழைய எக்கோ மெஷின் மாதிரி இருந்தது. அந்த மெஷின்களில் டேப் நடுங்கும், சத்தமும் கூடவே நடுங்கும். அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் அந்தக் காலத்தில் ஊரில் இருந்த எல்லாக் குழுவும் என் உயிரை எடுத்தது. இப்போது அந்த நடுக்கத்தையே வேலை மெனக்கெட்டுக் கம்ப்யூட்டரில் செய்து சேர்த்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. இன்னொரு தடவை வாசி, செக் பண்ணணும் என்று மட்டும் சொன்னேன். செக் பண்ண ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம்தான் தேவா தன் பாட்டுச் சத்தங்களைத் தேடினான். ஒன்றும் இல்லை. எல்லாம் அழிந்திருந்தது. அப்டேட் போடுவதற்கு முன்னால் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருக்க வேண்டும். காலையில் நேரமாகிறது, நேரமாகிறது என்று மாஸ்டர் விரட்டியதில் யாரும் எடுத்து வைக்கவில்லை. அவன் அழுதுவிடுவான் போல இருந்தான். அழுவதற்கு இப்போது நேரம் இல்லை, கரண்ட் இருக்கும் வரை முக்கியமான பாட்டுகளுக்கு மட்டும் செய், மிச்சத்துக்குச் சாதாரண சத்தம் போதும் என்றேன். கரண்ட் போகும்போது அரைகுறையாகச் சில பாட்டுகளுக்குத்தான் முடிந்திருந்தது.

பொதுவாக நான் கச்சேரிக்கெல்லாம் போக மாட்டேன். அன்றைக்குப் போனேன். கோயில்காரர்கள் வைத்திருந்த ஜெனரேட்டரின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பொழுது சாயும்போது அடி அண்ணாமலையில் கூட்டம் நிறைந்துவிட்டது. நான் மேடை ஓரமாக, ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றேன்.

நான்காவதோ ஐந்தாவதோ பாட்டில் கிடார் தனியாக வரும் இடம் இருந்தது. சத்தம் நடுவில் மாற வேண்டிய இடமும் அதுதான். கீபோர்டுக்காரன் தயாராகக் கையைக் கட்டைகள் மேல் வைத்திருந்தான். கிடார் விழுந்தால் அவன் பிடித்துக்கொள்ள வேண்டும், அது மாஸ்டர் உத்தரவு. தேவா மிதித்தான். அந்தப் பாட்டுக்குப் பழைய சத்தம் இல்லையே, அந்த நடுங்கும் எக்கோவைத்தான் வைத்திருந்தான். மேடையில் யாரும் கேட்டுப் பழகாத சத்தம். மாஸ்டர் சட்டென்று திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தாளத்துக்கு அசைத்துக்கொண்டிருந்த கையாலேயே கீபோர்டுக்காரனைப் பார்த்து, கையை எடு என்று காட்டினார்.

அவன் எடுத்துவிட்டான். கச்சேரி முடியும் வரை கிடார் பிட்டுகளைத் தொடவில்லை.

முடிந்ததும் மேடையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தேவா என்னிடம் வந்தான். நன்றி எல்லாம் சொல்லவில்லை. “இன்னைக்குச் செஞ்ச சத்தத்தையெல்லாம் பாய் கடையில கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சுடணும்க்கா. நாளைக்குக் காலைல போலாமா?”

மாஸ்டர் வயரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நாளைக்கு அஷ்டமிடா. அதுக்கு மறுநாள் நவமி. திங்கட்கிழமை பாத்துக்கலாம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் தேவா பெட்டியை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

“நாளைக்குத்தான் போறேன் மாஸ்டர். வரீங்களா?”

மாஸ்டர் அவனைத் திட்டவில்லை. வயரைச் சுருட்டி முடித்தார். “எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.